வார்டின் வரவு செலவு

கரிவலம்வந்தநல்லூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குத்தான் விரையும். அங்கே அந்த நேரத்தில் ஊசியும் குளுக்கோஸும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதற்குப் பின்னால் ஒரு தலைமைச் செவிலியரின் கணக்கு இருக்கிறது.

1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீடு உண்டு; எடுத்த மருந்தின் மதிப்பு பாஸ்புக்கில் கழிக்கப்படும். பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. ஆனால் எந்த வார்டுக்கு எவ்வளவு தேவை என்று இண்டென்ட் எழுதுவது செவிலியர். கூடுதலாகக் கேட்டால் அலமாரியிலேயே மருந்து காலாவதியாகும். குறைத்துக் கேட்டால் நோயாளியின் மகன் சீட்டோடு வெளிக்கடைக்கு ஓடுவார். கூலிவேலை செய்யும் குடும்பத்துக்கு அது ஒருநாள் சம்பளம்.

இவ்வளவு பணப் பொறுப்பைச் சுமப்பவருக்கு நாம் தந்த பயிற்சி என்ன? பி.எஸ்சி. நர்சிங் பாடத்தில் பட்ஜெட் பற்றி ஒரு பகுதி உண்டு. தேர்வோடு அது முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தவர் பணிமூப்பில் மேலே வருகிறார். ஸ்டாக் ரிஜிஸ்டர் மறுநாளே அவர் மேசைக்கு வருகிறது.

பதவி உயர்வுக்கு முன் கட்டாயக் கணக்குப் பயிற்சியை அரசு வழங்க வேண்டும். மருத்துவமனையின் நிதியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் தலைமைச் செவிலியருக்கு நாற்காலியும் குரலும் வேண்டும். எது தீர்ந்துபோகிறது, எது வீணாகிறது என்பதை முதலில் பார்ப்பவர் அவர்தான்.