கடை விரிப்போர்க்கும் கடமை உண்டு

விளையாட்டை வெறுத்த இனமன்று தமிழினம். பல்லாங்குழியில் எண்ணும் திறனையும், ஆடுபுலி ஆட்டத்தில் எதிரியின் சூழ்ச்சியை முன்னறியும் நுட்பத்தையும், பரமபதத்தில் ஏற்றமும் இறக்கமும் நிறைந்த வாழ்வின் இயல்பையும் கற்றவர்கள் நம் முன்னோர். எனினும் அவர்கள் விளையாட்டையும் சூதையும் ஒன்றெனக் கருதினாரல்லர். வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதினை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்து 90ஆம் வசனமும் மதுவையும் சூதாட்டத்தையும் ஒருங்கே சுட்டி விலக்குகின்றது. காலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இரு நூல்கள் இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தியமை எண்ணத்தக்கது. அறிவின் தெளிவைக் கெடுத்துக் கைப்பொருளைக் கவர்வதில் இரண்டும் உடன்பிறப்புகளே.

இன்று ஆடுகளம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர், ஸ்டீம் ஆகியவை இவ்வாட்டங்களை விற்கும் பெருங்கடைகள். இக்கடைகள் எல்லா ஆட்டங்களையும் விற்கலாமா, சிலவற்றை விலக்க வேண்டுமா என்பதே நாம் ஈண்டு ஆராய விழையும் வினா.

விற்பது கடைக்காரர் தொழில், தேர்வது வாங்குவோர் பொறுப்பு என்பர் சிலர். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஜூன் திங்களில் ஏறத்தாழ இந்நிலையையே அறிவித்தது. சட்டத்துக்குப் புறம்பானவையும் வெறும் வம்புக்குச் செய்யப்பட்டவையும் நீங்கலாக அனைத்தையும் அனுமதிப்போம் என்றது. ஆனால் பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்குவதையே கருவாகக் கொண்ட ஆட்டமொன்று வந்தபோது, 2019 மார்ச்சில் அதே நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது. எல்லாவற்றையும் விற்போம் என்னும் கொள்கையில் எந்தக் கடையும் நிலைத்து நிற்க இயலாது என்பது இதனால் விளங்கும். ஆகவே விலக்கலாமா என்பதன்று வினா. எந்த அளவுகோலால் விலக்குவது என்பதே வினா.

நம் திருவண்ணாமலையில் முழுநிலவு நாளில் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதை நெடுகிலும் கடைகள் விரிகின்றன. அக்கடைக்காரர் எவரும் விரும்பியதையெல்லாம் விரும்பியவர்க்கெல்லாம் விற்றுவிட முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதார்க்குப் புகையிலைப் பொருள்களை விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெசத் தொலைவுக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தடுக்கின்றது. தட்டுக்கடைக்காரர்க்கு உள்ள கடமை, உலகப் பெருநிறுவனத்துக்கு மட்டும் இல்லாது போகுமோ?

இணையவழி ரம்மியில் பொருளிழந்து, கடன்பட்டு, உயிரையே மாய்த்துக்கொண்டோர் செய்திகளை நம் மாநிலம் தொடர்ந்து கண்டது. தமிழக அரசு 2021இல் இயற்றிய தடைச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டமுன்வரைவு நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்பவே, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறன்சார்ந்தவை என்று நீதிமன்றம் விலக்களித்தது. அதன்பின் 2025 பிப்ரவரியில், சிறார்க்குத் தடை, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை எனும் விதிகள் வந்தன. ஜூன் திங்களில் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. 2025 ஆகஸ்ட் 22 அன்று, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடுக்கும் நடுவணரசுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

இவ்வாறு அரசும் மன்றமும் போராடிய காலத்தில் கடைகள் செய்தது என்ன? நெடுங்காலம் இத்தகைய ஆட்டங்களை இந்தியாவில் விலக்கி வைத்திருந்த கூகுள், 2022 செப்டம்பரில் ரம்மியையும் நாள்முறைக் கற்பனை விளையாட்டுப் போட்டிகளையும் சோதனை முறையில் உள்ளே விட்டது. தமிழகம் கதவை அடைக்க முயன்ற அதே வேளையில் கடை கதவைத் திறந்தது! வாணிகத்தின் மனச்சான்றை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பணச்சூது சட்டத்தால் தடுக்கப்பட்டாலும், சூதின் மற்றொரு வடிவம் சிறுவர் ஆட்டங்களுக்குள்ளேயே ஒளிந்துள்ளது. காசு கொடுத்து மூடிய பெட்டியொன்றை வாங்க வேண்டும். உள்ளே அரிய ஆயுதமும் இருக்கலாம், பயனற்ற பொருளும் இருக்கலாம். கிடைக்கும்வரை மீண்டும் மீண்டும் வாங்கத் தூண்டுவதே இதன் உத்தி. பரிசு பணமாக வாராமையால் சட்டத்தின் பிடியில் இது எளிதில் அகப்படுவதில்லை. பெல்ஜியம் 2018இலேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமெனக் கொண்டு தடுத்தது. ஆப்பிள் நிறுவனமோ, எது கிடைக்க எத்துணை வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டுமென்று 2017இல் விதித்ததோடு அமைந்தது. தோற்கும் வாய்ப்பைக் கூறிவிட்டால் சூது சூதாகாது போய்விடுமா? சிறுவர்க்கெனக் காட்டப்படும் ஆட்டங்களில் இப்பெட்டிகளை அறவே விலக்குதல் கடைகளின் கடமை என்பது நம் துணிபு.

வன்முறை ஆட்டங்களை இவ்வாறே முற்றாக விலக்க வேண்டுமா எனின், வேண்டா என்போம். போர்க்களத்தைப் பாடிய பரணியைப் போற்றும் மொழி நம்முடையது. வளர்ந்தவர் காணும் கற்பனையை எல்லாம் தடுப்பது அறிவுடைமையாகாது. வயதறிந்து வேலியிடுவதே முறை. அமெரிக்காவில் 1994 முதலும் ஐரோப்பாவில் 2003 முதலும் ஆட்டங்களுக்கு வயதுத் தரமிடும் அமைப்புகள் இயங்குகின்றன. நம் நாட்டில் திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் உண்டு. ஆட்டங்களுக்கு அத்தகைய தனி வாரியம் அமையவில்லை. கூகுள் பிளேயில் காணும் வயதுக் குறியோ, ஆட்டத்தை உருவாக்கியவரே நிரப்பும் வினாப்படிவத்தின் அடிப்படையில் அமைவது. தேர்வெழுதியவரே தம் விடைத்தாளைத் திருத்துவது போன்றது இது.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் தேவை. 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்குதலால் ஸ்டீம் பல ஆட்டங்களை நீக்கியது. இட்ச் என்னும் தளம் வயதுவந்தோர்க்குரிய படைப்புகள் அனைத்தையும் தேடலிலிருந்து மறைத்தது. அவற்றுள் இழிந்தவை இருந்திருக்கலாம். ஆயினும் நல்லதையும் தீயதையும் பிரித்தறியாது வீசப்பட்ட வலை அது. எவர்க்கும் விடைகூறக் கடமைப்படாதார் மூடிய அறைக்குள் முடிவு செய்தால், இன்று தீயது விலகும். நாளை எளியவர் குரலும் விலகும். சிறுபான்மையினராகிய நாம் இதனை மறத்தலாகாது. எனவே விலக்கும் விதி வெளிப்படையாக இருத்தல் வேண்டும். விலக்கப்பட்டவர் முறையிட வழி வேண்டும். அவ்விதி பெற்றோர்க்குப் புரியும் தமிழிலும் இருத்தல் வேண்டும்.

சூதுக்குத் தடை, வன்முறைக்கு வயது வேலி, இரண்டுக்கும் ஒளிவற்ற விதி. இம்மூன்றையும் கடைகளிடம் கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்பதற்கு முன் ஆட்டம் எது, சூது எது எனப் பிரித்தறியும் தெளிவை நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் வளர்ப்போமாக. பெரியோர் அறிவுறுத்துக, ஆசிரியர் விளக்குக, மாணவச் செல்வங்கள் சிந்தித்துத் தேர்க!