மலையின் வயிற்று ஜலம்

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையை நேயர்கள் அறிவார்கள். மலையைக் கெல்லி ஊர்த் தண்ணீரை இழந்த கதை ஒன்று ஜப்பானில் நிகழ்ந்தது.

அங்கே தன்னா ரயில் சுரங்கத்தை 1918-ல் தொடங்கி 1934-ல் முடித்தார்கள். நீளம் எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பலியான உயிர்கள் 67. சுரங்கத்துக்குச் சுமார் 160 மீட்டர் மேலே இருப்பது தன்னாப் பள்ளத்தாக்கு. ஊற்றுக்கள் மலிந்த அவ்விடத்தில் நெல்லும் வஸாபி என்னும் காரக் கிழங்கும் விளைந்தன. சுரங்கம் வளர வளர ஊற்றுக்கள் வற்றின, வயல்கள் காய்ந்தன, குடியானவர்கள் மாடு வளர்த்துப் பால் விற்கலாயினர்.

பாறை கெட்டியாய்த் தோன்றினும் அதன் வெடிப்புக்களில் மழைநீர் தங்கியிருக்கிறது. சுரங்கம் அவற்றை வெட்டினால், பானையின் அடியில் ஓட்டை விழுந்தது போலாகும். எந்த வெடிப்பு எந்த ஊற்றோடு சேர்ந்தது என்பதை முன்கூட்டியே துளையிட்டும், நீரை இறைத்துப் பார்த்தும் கணிக்கிறார்கள். ஆயினும் வேலை தொடங்குமுன் சில ஆண்டுகளேனும் ஒவ்வோர் ஊற்றையும் கோடையிலும் மாரியிலும் அளந்து எழுதி வைத்தாலன்றி, மழை பொய்த்ததால் குறைந்தது எது, சுரங்கத்தால் குறைந்தது எது என்று பிரித்துச் சொல்வது அரிது. கணக்கில்லாத ஊற்று வற்றினால் ஏழைக் குடியானவனுக்குச் சாட்சி ஏது?

நமது இமயத்திலும் ரயிலுக்கும் மின்சாரத்துக்கும் மலையைக் குடைகிறோம். 2009 டிஸம்பரில் ஜோஷிமடத்தருகே ஒரு சுரங்கத்துக்குள் ஜலம் பீறிட்டுப் பாய்ந்தது. தேசத்துக்குப் பாதை வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஊற்றை அளந்த பிறகே உளியை எடுக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.