வாசலிற் பூட்டு விழுமுன்

“தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வாடகை வீட்டிற் குடியிருப்போர், “வீட்டை விட்டு எழும்புங்கள்” என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலும் இந்த மனநிலைக்கே வந்துவிடுகின்றனர். அஞ்சியவர் அன்றிரவே சாமான்களைக் கட்டுகின்றனர். கோபமுற்றவர் வந்த கடிதத்தைக் கிழித்தெறிகின்றனர். வேறு சிலர் எதுவும் நேராதது போல வாளாவிருக்கின்றனர். இம்மூன்று வழியும் குடும்பத்துக்குக் கேடு தருவன. இந்த வெள்ளத்தில் சாணுக்கும் முழத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாட்களை எண்ணத் தெரிந்தவருக்குக் கடைசி வேளையிலும் ஒரு துறை கிடைக்கும் என்பதையே இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று. நம் நாட்டில் குடியிருப்போரை வெளியேற்றும் அதிகாரம் வீட்டுக்காரர் கையில் இல்லை. அது நீதிமன்றத்தின் கையிலேயே உண்டு. வீட்டுக்காரர் அறிவித்தல் கொடுக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். தீர்ப்புக் கிடைத்தபின்னர், நீதிமன்றத்தின் எழுத்தாணையுடன் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்தே உடைமையைப் பெற்றுக்கொடுத்தல் வேண்டும். மின்சாரத்தைத் துண்டிப்பதும், படலையைப் பூட்டுவதும், ஆட்களைக் கூட்டிவந்து பானை சட்டிகளை வீதியில் வைப்பதும் சட்டம் காட்டிய வழிகள் அல்ல.

இனி, அறிவித்தல் கைக்கு வந்துவிட்டது என்று கொள்வோம். அது எவ்வகை வாடகை என்பதை உடனே பார்த்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் செல்லாது. அவ்வாறு எழுதாமல் மாதந்தோறும் வாடகை கொடுத்து இருப்போர் மாதாந்த வாடகைக்காரர் ஆவர். அவருக்கு ஒரு முழு மாத அறிவித்தலாவது கொடுத்தல் வேண்டும். உறுதி எழுதியிருப்பின், அதிலுள்ள நிபந்தனைகளே பேசும். குத்தகை முடிந்த மனைகளை மீளப் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விரைவான தனி நடைமுறை ஒன்றை வகுத்தது. ஆதலின் உறுதியின் காலம் முடிந்தபின்னும் இருப்போர், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்று நம்பியிருத்தல் கூடாது.

வாடகை நிலுவையே காரணமாயின், வழக்கு ஏறுமுன் நிலுவையைத் தீர்க்க முயல்வதே முதன்மையான வழி. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், தன் காப்பில் இருந்த வீடுகளுக்கு இதனைத் தெளிவாகவே வகுத்தது: வழக்குத் தொடுக்குமுன் நிலுவை முழுவதையும் கொடுக்க முன்வந்தால், நிலுவையைக் காட்டி வெளியேற்ற இயலாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி சபையில் அதனைக் கட்டவும் அது இடமளித்தது. ஆயினும், 1980ஆம் ஆண்டுத் திருத்தமும் 2002ஆம் ஆண்டுத் திருத்தமும் அக்காப்பைப் பெரிதும் சுருக்கிவிட்டன. ஆகவே, பழைய வாடகைவீட்டில் நெடுங்காலம் இருப்போர் தம் வீட்டின் நிலை யாதென்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிதல் நலம். எவ்வகை வீடாயினும் பணத்தை வங்கி மூலமோ பற்றுச்சீட்டுப் பெற்றோ கொடுப்பதே அறிவுடைமை. கையிற் கொடுத்த காசு நீதிமன்றத்திற் சாட்சி சொல்லாது.

அழைப்பாணை வந்துவிட்டதா? குறித்த நாளில் நீதிமன்றத்துக்குச் செல்லாதிருப்பதே நாம் காணும் பெருந்தவறு. ஒருவர் தோன்றாவிடின் ஒருதலையாகவே தீர்ப்பு அமையும். அப்படி அமைந்தாலும் கதவு முற்றாக அடைபட்டதன்று. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அத்தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராமைக்குத் தக்க காரணத்தைக் காட்டி அதனை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். விசாரணை நடந்து தீர்ப்பு எதிராயின், மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள்ளும், மனுவை 60 நாட்களுக்குள்ளும் சமர்ப்பித்தல் வேண்டும். சாதாரண வழக்குகளுக்குரிய கணக்கு இது.

பலவந்தமாகத் தெருவில் விடப்பட்டோருக்கும் ஒரு வழி உண்டு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ், காணி பற்றிய பிணக்கால் அமைதி குலையும் நிலை தோன்றும்போது பொலிசாரோ தரப்பினரோ நீதிமன்றுக்குத் தகவல் கொடுக்கலாம். தகவல் கொடுப்பதற்கு முன்னுள்ள இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக உடைமை இழந்திருந்தால், அவரை மீண்டும் உட்புகுத்தும்படி நீதவான் கட்டளையிடலாம். உறவினர் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் அழுதிருந்துவிட்டு நான்காம் மாதத்தில் நீதிமன்றம் செல்வோருக்கு அந்த வழி அடைபட்டுப் போகும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்போர், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். குறைந்த வருமானம் உடையோருக்கு உதவுதலே அதன் பணி.

எல்லாவற்றிலும் மேலாக, சமரசம் என்ற வழி கடைசி நாள் வரையும் திறந்தே இருக்கும். வீட்டுக்காரர் எல்லோரும் கொடியவர் அல்லர். அவ்வாடகையை நம்பியே அடுப்பெரிக்கும் கைம்பெண்ணும் வீட்டுக்காரியாக இருக்கலாம். “பிள்ளையின் பரீட்சை முடியும்வரை தவணை தாருங்கள், அதுவரை வாடகை தவறாது தருவோம்” என்று நேரிற் சென்று பணிவாகக் கேட்டால் இரங்குவோர் பலர். வழக்கு நடக்கும்போதுங்கூட, குறித்த நாளில் வெளியேறுவதாக ஒப்புக்கொண்டு இரு தரப்பினரும் நீதிமன்றில் இணக்கம் பதியலாம். அந்நாள் வந்தபின் ஒப்புக்கொண்டதை மீறினால் மறு விசாரணை இன்றியே எழுத்தாணை வரும். ஆகையால் நிறைவேற்றக்கூடிய நாளுக்கே ஒப்பம் இடுதல் வேண்டும்.

தவணை நடுவில் வீடு மாறும் பிள்ளை, பாடசாலையையும் தோழரையும் படித்த மேசையையும் ஒருங்கே இழக்கின்றது. பெற்றோர் பதறும் அந்த வேளையில், படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. வந்த கடிதத்தைப் பொறுமையாக வாசித்து, அதன் திகதியைக் கலண்டரிற் குறித்து, பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையிற் சேர்த்து வையுங்கள். சட்டத்தரணியின் மேசைக்கு வெறுங்கையுடன் போவதற்கும் அக்கோவையுடன் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று உங்கள் பெற்றோர் உணர்வர்.