இரட்டைச் சொற்களும் இயந்திர நம்பிக்கையும்

இலங்கையிலும் தமிழகத்திலும் அறிவியற் கலைச்சொற்கள் வெவ்வேறாய் வழங்குவதனால் தீங்கொன்றுமில்லை, கணினி அவற்றை ஒன்றாக்கிவிடும் என்று அமைதி காண்போர் பலர். கணினி தன் வீட்டிலேயே இரட்டைகளை எவ்வாறு கையாளுகின்றது என்பதை அறிந்திருப்பின் அவர்கள் இவ்வாறு பேசத் துணியார்.

பெரிய நிரல் பல கோப்புகளாகப் பிரிந்தே கம்பைலர் எனும் நிரல்பெயர்ப்பியினுட் செல்கின்றது. பொதுவான சிறு துணைச் செயற்கூறு ஒவ்வொரு கோப்பிலும் ஒரு படியாய் முளைத்துவிடும். மிகையான படிகளை நீக்குதல் உகப்பாக்கத்தின் பணிகளுள் ஒன்று. ஆயினும், படிகளின் உடல் முற்றும் ஒத்து, அவற்றின் முகவரிகள் வேறென்பதை நிரலின் எப்பகுதியும் நம்பியிராதவிடத்தே அவற்றை அச்சமின்றி ஒன்றாக்கலாம். சி பிளஸ் பிளஸ் மொழியில் இதனினும் கொடிய நிலையுண்டு. 'இன்லைன்' என அறிவிக்கப்பட்ட ஒரே பெயருடைய செயற்கூறு இரு கோப்புகளில் வேறு உடல்களோடு இருப்பின், இணைப்பி பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். எச்சரிக்கையும் பெரும்பாலும் வாராது. திருத்திய படி தொலைந்து பிழையுள்ள படி எஞ்சுதலும் கூடும். அறிந்த நிரலாளர் வரைவிலக்கணத்தை ஓரிடத்தில் மட்டும் வைத்து, ஏனைய கோப்புகள் அதனைச் சுட்டுமாறு செய்வர். அது மனிதர் செய்யும் வேலை.

தமிழுக்கு வருவோம். ஒட்சிசனும் ஆக்சிஜனும் உடலொத்த இரட்டைகள், இணைத்தால் இழப்பில்லை. 'அழுத்தம்' அத்தகையதன்று. தமிழகப் பாடநூலில் வளிமண்டலம் செலுத்துவது அழுத்தம். இலங்கையில் அதன் பெயர் அமுக்கம். இங்கு 'அழுத்த வித்தியாசம்' மின்னியலுக்குரியது. பெயரொன்றையே நோக்கும் இயந்திரம் எப்பொருளை எறியும்? எழுத்து மிகுந்த பக்கமே எஞ்சும், எறியப்படுவது நம்முடையது.

வாவிக்கரையிற் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள் காரைதீவிற் பிறந்தவர், விஞ்ஞானப் பட்டதாரி. அவரே 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1938இல் 'கலைச்சொற்கள்' வெளிவந்தது. அன்று கடல் தடையாகவில்லை. ஆண்டுதோறும் அவருக்கு விழா எடுப்போர், மாலையும் மேடையும் தவிர, ஒரு சொற்பட்டியலையேனும் அக்கரைப் பட்டியலோடு ஒப்புநோக்கியதுண்டா?

வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே தமிழும் பயில்கின்றனர், பௌதிகமும் பயில்கின்றனர். இரு துறையினரும் இரு நாட்டுப் பாடநூல்களையும் ஒரே மேசையில் விரித்து, பெயரொத்துப் பொருள் வேறுபடும் சொற்களை முதலிற் பிரித்தெடுக்கட்டும். உடலொத்த ஒட்சிசன்கள் காத்திருக்கலாம்.