மொட்டைக் கடுதாசியும் புனைபெயரும்

ஒரு பெண்மணி தன் சொந்தப் பெயரைப் போடாமல் வேறு பெயரில் எழுதினால், "மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயம் எதற்காம்?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். சகோதரிகளே, அவள் மடியில் கனம் இருக்கத்தான் இருக்கிறது! குடும்பத்தின் நல்ல பெயர், கணவரின் உத்தியோகம், பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் எல்லாம் அந்த மடியில்தானே? வழியில் திருடர்கள் இருப்பதும் உண்மைதானே?

இங்கிலாந்தில் சார்லட் பிரான்டி என்ற இருபது வயதுப் பெண், தன் கவிதைகளை ஆஸ்தான கவியான ராபர்ட் ஸதேக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டாள். இலக்கியம் பெண்களின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்று 1837-ல் அவர் பதில் போட்டார். 1846-ல் சார்லட்டும் அவள் தங்கைகள் இருவரும், ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர்களை வைத்துக் கொண்டு கவிதைப் புத்தகம் போட்டார்கள். மறு வருஷம் சார்லட்டின் 'ஜேன் அயர்' நாவல் 'கரர் பெல்' என்ற பெயரில் வெளியாகி ஒரே பரபரப்பு.

1848 டிசம்பரில் ஒரு பெரிய பத்திரிகையில் மதிப்புரை வந்தது. இதை எழுதியது பெண்ணாக இருந்தால், அவள் மற்றப் பெண்களின் சகவாசத்தையே இழந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. நாவலைப் பற்றிப் பேச வந்தவர் நடத்தையைப் பற்றிப் பேசிவிட்டார்! வேடிக்கை என்னவென்றால், அக்கால வழக்கப்படி அந்த மதிப்புரையிலும் கையெழுத்து இல்லை. எழுதியவர் எலிசபெத் ரிக்பி என்ற ஒரு ஸ்திரீதான்.

சீமைக் கதை எதற்கு என்கிறீர்களா? நம் திருச்சி ஜில்லாவின் துவரங்குறிச்சிக்கு வாருங்கள். கவிஞர் சல்மாவுக்கு, வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமான பிறகு எழுதுவதற்கும் தடை. வீடு உறங்கிய பின், கழிப்பறையில் நின்றபடி எழுதினார். எழுதிய காகிதங்களை அவருடைய தாயார் ரகசியமாக வெளியே கொண்டு போய்ச் சேர்த்தார். 'சல்மா' என்பதே அப்போது வைத்துக் கொண்ட புனைபெயர்தான். பிற்பாடு அவர் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவியானார். 2004-ல் நாவல் வெளியிட்டார். 2025-ல் ராஜ்யசபை அங்கத்தினரும் ஆனார். அந்தப் பெயர் என்ற திரை மட்டும் இல்லாதிருந்தால், அந்த எழுத்து அடுப்பங்கரையைத் தாண்டியிருக்காது.

ஆகவே திரையில் இரண்டு வகை உண்டு. சொல்ல வந்ததைச் சொல்வதற்காகப் போட்டுக் கொள்ளும் திரை ஒன்று. சொல்பவளின் வாயை அடைப்பதற்காக, இருட்டில் நின்று கல்லெறிகிறவன் போட்டுக் கொள்ளும் திரை மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

சட்டம் நிறுக்கவில்லை. புனைபெயரில் எழுதுவது குற்றமே அல்ல. ஆனால், 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு, பெயரை மறைத்துக் கொண்டு மிரட்டுகிறவனுக்கு வழக்கமான தண்டனைக்கு மேல் இரண்டு வருஷம் வரை கூடுதல் சிறைவாசம் விதிக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை விடாமல் தொடர்கிறவனுக்கு, 78-வது பிரிவின்படி முதல் தடவையே மூன்று வருஷம் வரை உண்டு. மிரட்டல் தபாலில் வந்தாலும் சரி, கைபேசியில் வந்தாலும் சரி.

அப்படி ஒன்று வந்தால் அருவருப்பில் கிழித்தோ அழித்தோ விடாதீர்கள். தேதி குறித்துப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் சாட்சி. பதில் எழுதிச் சண்டைக்குப் போகாமல் போலீஸில் புகார் கொடுங்கள். பெண்களுக்கான 181 என்ற எண்ணிலும் யோசனை கேட்கலாம்.

இன்னொன்று, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு. மருமகளோ மகளோ அந்தக் கடுதாசியை நடுங்கும் கையோடு கொண்டு வந்து காட்டும்போது, "நீ எழுதப் போனதால்தானே இந்த வம்பு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எழுதியவன் எதிர்பார்த்தது அந்த ஒரு கேள்வியைத்தான். அவனால் வீட்டுக்குள் வர முடியாது; நாம்தான் அவனுக்காகக் கதவைத் திறந்து விடுகிறோம். "நீ எழுதம்மா, இதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அவள் பேனா நிற்காது.