நீச்சலுடை சொல்லும் பொருளாதாரப் பாடம்

2025 பிப்ரவரி தொடக்கத்தில், அமெரிக்காவில் லிபரேட்டட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்தை அணுகியது. குவிக்சில்வர், பில்லபாங், வோல்காம் ஆகிய பெயர்களில் கடற்கரை ஆடைகளை விற்றுவந்த நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை அந்நிறுவனம் மூட நேர்ந்தது. பணவீக்கம், வட்டி உயர்வு ஆகியவற்றுடன், நுகர்வோரின் விருப்பம் மாறியதையும், மலிவு விலையில் வாரந்தோறும் புது வடிவங்களை இறக்கும் விரைவு ஆடை நிறுவனங்களின் போட்டியையும் அது காரணங்களாகக் கூறியது. இவற்றுள் குவிக்சில்வரும் பில்லபாங்கும், ஒரு தலைமுறைக்கு முன்பு உலக இளைஞர்களின் சீருடை போலவே விளங்கிய முழங்கால் நீள நீச்சல் கால்சட்டையை விற்றுப் பெரிதான பெயர்கள்.

ஆண்களின் நீச்சலுடை எவ்வளவு நீளம் இருந்தால் நமக்கென்ன என்று கேட்கத் தோன்றலாம். பின்னலாடை ஏற்றுமதியை நம்பிப் பல லட்சம் குடும்பங்கள் வாழும் தமிழகத்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவு எளிதானதல்ல. ஆடை நாகரிகம் மாறும்போது அந்த மாற்றத்தில் எது நிலைக்கும், எது ஒரு பருவத்தோடு போய்விடும் என்று பிரித்தறிவது உற்பத்தியாளருக்கு வாழ்வா, தாழ்வா என்ற பிரச்னை. கடந்த 100 ஆண்டுகளில் ஆண்களின் நீச்சலுடை கண்ட மாற்றங்கள் அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

இத்தொழிலின் பிறப்பே கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1910-இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு பின்னலாலை, ஸ்வெட்டர்களும் காலுறைகளும் தயாரித்து வந்தது. படகோட்டும் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டையைப் போல இழுத்தால் நீளும் கால்சட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜான்ட்சன் நீச்சலுடை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1914-இல் அலெக்சாண்டர் மக்ரே தொடங்கிய ஆலையும் காலுறையும் உள்ளாடையும் பின்னிய ஆலைதான். 1928 முதல் அதன் நீச்சலுடைக்கு ஸ்பீடோ என்று பெயர். பனியன் பின்னலில் தொடங்கி உலகச் சந்தையை எட்டிய திருப்பூரின் கதையும் இதே வகையைச் சேர்ந்தது. ஆனால், அந்த இரு ஆலைகளும் அடுத்தடுத்து எடுத்த முடிவுகளைத் திருப்பூர் இன்னும் முழுமையாக எடுக்கவில்லை.

ஆண்களின் நீச்சலுடையை முதலில் தீர்மானித்தது சட்டம். 1930-களின் தொடக்கம் வரை அமெரிக்கக் கடற்கரைகள் பலவற்றில் ஆண்கள் மார்பை மறைக்காமல் குளிப்பது குற்றம். அதற்காகக் கைதானவர்களும் அபராதம் கட்டியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1935-இல் கொண்டுவந்த விதி, உடலின் முன்பகுதி அக்குள் முதல் இடுப்பு வரை மறைக்கப்பட வேண்டும் என்றும், கால் பகுதி 3 அங்குலமாவது இருக்க வேண்டும் என்றும் அளவு சொன்னது. அந்த விதி 1961-இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் எந்த நேரமும் மாறக்கூடும் என்ற நிலையில், ஜான்ட்சன் நிறுவனம் மேற்பகுதியை ஜிப் வைத்துத் தனியே கழற்றக்கூடிய நீச்சலுடையை விற்றது. தடையுள்ள கடற்கரையில் பூட்டிக்கொள்ளலாம். தடையில்லாத இடத்தில் கழற்றி வைக்கலாம். சந்தையின் நிச்சயமின்மையை ஒரு பொருளாகவே வடிவமைத்து விற்ற சாமர்த்தியம் அது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் தடைகள் பெரும்பாலும் தளர்ந்தன; ஆண்களின் நீச்சலுடை இடுப்புக்குக் கீழே இறங்கியது.

அடுத்துத் தீர்மானித்தது இழை. தொடக்ககால நீச்சலுடை கம்பளியால் ஆனது. நீரில் நனைந்தால் அது பல மடங்கு கனத்துத் தொங்கும். 1930-களில் ரப்பர் இழையைத் துணியில் சேர்க்கும் லாஸ்டெக்ஸ் வந்தது. உலகப் போருக்குப் பின் நைலான் பரவியது. 1958-இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் கண்டறிந்த, பின்னாளில் லைக்ரா என்று அறியப்பட்ட மீள்இழை எல்லாவற்றையும் மாற்றியது. உடலோடு ஒட்டி, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கி, விரைவில் உலரும் துணி கிடைத்த பிறகே இன்றைய சிறிய நீச்சலுடை சாத்தியமாயிற்று. ரசனை மாறியதால் மட்டும் ஆடை சுருங்கவில்லை. சுருங்குவதற்கேற்ற இழையும் கிடைத்தது. கம்பளியிலும் பருத்தியிலும் தொடங்கிய ஸ்பீடோ, இழை மாறியபோதெல்லாம் தானும் மாறியதால்தான் 100 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

சட்டமும் இழையும் நேருக்கு நேர் மோதிய காலமும் ஒன்றுண்டு. 2008-இல் ஸ்பீடோ வெளியிட்ட எல்.இசட்.ஆர். ரேசர் என்ற முழுநீள உடை, பாலியூரிதேன் தகடுகளால் உடலை இறுக்கி நீரின் தடையைக் குறைத்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சாதனைகள் அடுத்தடுத்துச் சரிந்தன. போட்டி நிறுவனங்கள் முழுவதும் பாலியூரிதேனால் ஆன உடைகளோடு வந்தன. 2009-இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் முறியடிக்கப்பட்டன. ஒருவர் மட்டும் அணிந்தால் அவருக்கு ஆதாயம்; எல்லாரும் அணிந்தால் யாருக்கும் ஆதாயமில்லை; அணியாதவருக்கோ நிச்சயத் தோல்வி. ஐஸ் ஹாக்கி வீரர்களின் தலைக்கவசத்தை வைத்து 1973-இல் பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் விளக்கியது இந்த வகைச் சிக்கலைத்தான். தனித்தனி முடிவுகளால் இத்தகைய சிக்கல் தீராது, பொதுவிதி வேண்டும். 2010 ஜனவரி முதல் ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மட்டுமே, அதுவும் துணியாலான உடையே அணியலாம் என்று உலக நீச்சல் கூட்டமைப்பு விதித்தது. பெரும் முதலீட்டில் உருவான ஒரு தயாரிப்பு வகை ஒரே விதியால் போட்டிக் களத்திலிருந்து மறைந்தது.

மூன்றாவது விசை உடல்நலம். 1930-களில் மார்பைத் திறந்துவைக்கும் உரிமைக்காக ஆண்கள் அபராதம் கட்டினார்கள். இன்று அதே ஆண்கள் பணம் கொடுத்து முழுக்கை நீச்சல் சட்டை வாங்கி அணிகிறார்கள். தோல் புற்றுநோய் மிகுந்த ஆஸ்திரேலியாவில் 1980-களின் தொடக்கத்தில் வெயில் பாதுகாப்புப் பிரசாரம் வலுப்பெற்றது. புறஊதாக் கதிரைத் துணி எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதற்கான தரநிர்ணயம் 1996-இல் அங்குதான் முதன்முதலில் வந்தது. சட்டம் கட்டாயப்படுத்தியபோது வெறுத்த ஆடையை, மருத்துவ அறிவு வளர்ந்ததும் சமூகம் தானே விரும்பி ஏற்றது.

இந்த மூன்றும் மெல்ல நகர்பவை. பத்தாண்டுக் கணக்கில் முன்கூட்டியே தெரிபவை. நான்காவது விசையான பாவனை அப்படிப்பட்டதல்ல. 1950-களில் ஹவாய் தீவின் அலைச்சறுக்கு வீரர்கள், பலகையில் தேய்த்த மெழுகு தொடையை உராயாதிருக்க நீண்ட கால்சட்டை தைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தேவை. 1990-களில் அலையையே பார்த்திராத ஊர்களிலும் இளைஞர்கள் அதை முழங்காலுக்குக் கீழ்வரை நீட்டி அணிந்தது பாவனை. 2020-இல் சமூக ஊடகக் காணொலிகள் வழியே 5 அங்குலக் கால் நீளமே அழகு என்ற அலை எழுந்தது. நீளக் கால்சட்டை பழசாயிற்று. பிறர் வாங்குவதால் வாங்குவதையும், பிறர் எல்லாரும் வாங்கிவிட்டதாலேயே விலகுவதையும் ஹார்வி லீபன்ஸ்டைன் 1950-இலேயே வகைப்படுத்திக் காட்டினார். நீச்சல் கால்சட்டையின் நீளம் கூடுவதும் குறைவதும் இவ்விரண்டுக்கும் இடையிலான ஊசல்தான். முன்பு அந்த ஊசல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 20 ஆண்டுகள் பிடித்தன. இன்று ஒரு கோடைக்குள் போய்விடுகிறது. கடை வாடகையும் ஆறு மாதக் கொள்முதல் திட்டமும் கொண்ட நிறுவனங்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விழுகின்றன.

இதில் திருப்பூருக்கு என்ன பாடம்? இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்த ஒரு நகரத்திலிருந்து செல்கிறது. 2024-25-இல் அதன் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். ஆனால், அதில் பெரும்பகுதி பருத்தி. உலக இழை உற்பத்தியிலோ பாலியெஸ்டர் மட்டுமே பாதிக்கு மேல். பருத்தியின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அலைச்சறுக்குக் கால்சட்டை நெய்த துணியில் தைக்கப்படுவது. உடலோடு ஒட்டும் நீச்சலுடையும் வெயில்காப்புச் சட்டையும் உடற்பயிற்சி ஆடையும் பெரும்பாலும் பின்னல் துணியில் ஆனவை. அதாவது, திருப்பூருக்குக் கைவந்த தொழில்நுட்பம், கைவராத இழை.

இதுவரை தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. செயற்கை இழைக்கு 18 சதவீதம், நூலுக்கு 12 சதவீதம், துணிக்கு 5 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. தலைகீழாக இருந்தது, மூலப்பொருளுக்குக் கட்டிய வரி உற்பத்தியாளரின் நடைமுறை மூலதனத்தை முடக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் இழைக்கும் நூலுக்கும் 5 சதவீதமே என்று ஆகியிருப்பது நல்ல திருத்தம். செயற்கை இழை ஆடைகளுக்கும் தொழில்நுட்பத் துணிகளுக்குமாக 2021-இல் அறிவிக்கப்பட்ட 10,683 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம், குறைந்தபட்ச முதலீடாக 100 கோடி ரூபாய் கேட்டது. சிறு, நடுத்தர ஆலைகளின் ஊரான திருப்பூரில் அந்த வாசலைத் தாண்டக்கூடியவர்கள் எத்தனை பேர்?

சாயமேற்றுவதிலும் வேறுபாடு உண்டு. பருத்திக்குச் சாயமேற்ற ஏராளமான உப்பு வேண்டும். நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. பாலியெஸ்டருக்கு உப்பு தேவையில்லை; ஆனால், சுமார் 130 டிகிரி வெப்பத்தில் உயர் அழுத்த இயந்திரம் தேவை. அதைத் தனியொரு சிறு பட்டறை வாங்க முடியாது. கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துப் பழகிய ஊர், பொதுச் சாய நிலையத்தையும் பரிசோதனைக் கூடத்தையும் அமைக்க முடியும். குளோரின் நீரில் துணி எவ்வளவு நாள் தாங்கும், புறஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று சான்றளிக்கும் கூடம் உள்ளூரிலேயே இருந்தால், சிறு உற்பத்தியாளரும் அயல்நாட்டு வணிகரிடம் நிமிர்ந்து விலை பேசலாம்.

செயற்கை இழை துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளை நீரில் உதிர்க்கிறது. அவை கடலைச் சேர்கின்றன. எனவே பருத்தியை விட்டு விலகுவது சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பார்கள். இந்த எதிர்வாதம் நியாயமானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் திருப்பூர் ஒதுங்கி நிற்பதால் உலகம் செயற்கை இழை உடுத்துவது குறையப்போவதில்லை. அதைச் சீனாவும் வியத்நாமும் தயாரிக்கும். நீச்சலுடைத் தொழில் இதற்கும் ஒரு வழி காட்டியிருக்கிறது. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் கைவிடப்பட்ட மீன்வலை உள்ளிட்ட நைலான் கழிவிலிருந்து 2011 முதல் மறுசுழற்சி நைலான் தயாரிக்கிறது. அது நீச்சலுடைகளில் பரவலாகப் பயன்படுகிறது. நுண்ணிழைப் பிரச்னையை அது தீர்க்காது. எனினும், நீண்ட கடற்கரையும் மீன்பிடித் துறைமுகங்கள்தோறும் பழைய நைலான் வலைகளும் கொண்ட தமிழகம் எண்ணிப் பார்க்க வேண்டிய முயற்சி அது. பருத்தியைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே இழையில் ஒரு நகரத்தின் எதிர்காலத்தைக் கட்டிவைக்க வேண்டாம் என்பதே வேண்டுகோள்.

காலமும் இப்போது சாதகமாக இருக்கிறது. 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலியாவுக்கு நம் ஆடைகள் சுங்க வரியின்றிச் செல்கின்றன. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தமும் ஆடைகளுக்கான வரியை நீக்க வகைசெய்கிறது. ஸ்பீடோ பிறந்தது முதலாவது நாட்டில். அதன் உரிமை நிறுவனம் இருப்பது இரண்டாவது நாட்டில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஒரே சந்தையையும் ஒரே வகைச் சரக்கையும் நம்பியிருப்பதன் ஆபத்தை திருப்பூரின் தையல் தொழிலாளர்கள் தங்கள் வேலை நேரத்தில் உணர்ந்தார்கள். நாகரிகத்தின் விலையை முதலில் கொடுப்பவர்கள் அதை உடுத்துபவர்கள் அல்லர், தைப்பவர்கள்தாம்.

அடுத்த கோடையில் நீச்சல் கால்சட்டை 5 அங்குலமா, 7 அங்குலமா என்று கணித்து ஓடும் பந்தயத்தில் சிறு ஆலைகள் வெல்ல முடியாது. பெரிய பெயர்களே தோற்றுப்போயின. எந்த நீளத்துக்கு வெட்டினாலும் அதற்கான துணியைப் பின்னவும், சாயமேற்றவும், தரச்சான்று பெறவும் வல்ல ஊருக்கு அந்தக் கணிப்பு தேவையில்லை. அந்த வல்லமைக்கான பொதுச் சாய நிலையத்தையும் பரிசோதனைக் கூடத்தையும் அமைக்க மத்திய, மாநில அரசுகளும் ஏற்றுமதியாளர்களும் இப்போதே கைகோக்க வேண்டும்.