இரும்பு கிடைக்கிறது, மாத்திரை எங்கே?

இறம்பொடைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி வலிப்பு வந்து விழுந்தால், ஓடி வருவோர் அவள் கையில் திணிப்பது இரும்பு. சாவியோ கவ்வாத்துக் கத்தியோ, அகப்பட்டது எதுவோ அது! இதைக் கண்டு நகைக்கும் கனவான்கள் உண்டு. தோட்டத்து மக்களின் அறியாமையைப் பாரீர் என்று பரிகசிக்கும் அப்பெருமக்களை நாம் ஒன்று கேட்கிறோம். இரும்பு வலிப்பை நிறுத்தாது, மெய். நிறுத்தக்கூடிய மாத்திரையை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கத் தவறியவர் யார்?

மருந்தே இல்லாத நோயா இது? பினோபாபிற்றோன் வலிப்பை அடக்கும் என்று ஜெர்மானிய வைத்தியர் ஆல்பிரட் ஹௌப்ட்மன் வெளியிட்டது 1912இல். 1938இல் பினைற்றோயின் வந்தது. பின்னர் காபமசெப்பினும் வல்புரோயேற்றும் வந்தன. மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறிக் கிளர்வதே வலிப்பு. அக்கிளர்ச்சியைத் தணிப்பது இவற்றின் வேலை. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளில் நால்வரில் மூவருக்கு அந்தச் சிகிச்சை கிட்டுவதில்லை என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குத்தான்.

அதே 1912இல் இலங்கையில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்று அறிந்திருப்பதும், உடனடி நிவாரணத்துக்கு ஆவன செய்வதும் துரையின் கடமையென அது விதித்தது. மருந்தும் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்த இரட்டையர்! நூறாண்டு கடந்தும் இரண்டும் லயத்து வாசலில் சந்திக்கவில்லை. தோட்டங்கள் தேசியமயமாயின, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது, தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு ஏற்றது, பலவற்றை விட்டது. நோயாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

இந்த மருந்துகள் காய்ச்சல் மாத்திரை போன்றவை அல்ல. நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள வேண்டியவை. சட்டென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். ஓயாது தொடரும் வலிப்பு உயிரையே பறிக்கும். ஆகவே மாதந்தோறும் கிளினிக். நுவரெலியாவுக்கு ஏறினாலும் கம்பளைக்கு இறங்கினாலும் அன்றைய பேர் போயிற்று. பஸ் கூலி வேறு. மருந்து இலவசம் என்பார்கள். ஒரு நாட்கூலியை இழந்து பெறுவதற்குப் பெயர் இலவசமா? ஒரு மாதம் போகாதிருந்தால், "ஒழுங்காக மருந்து குடிப்பதில்லை" என்று ஏச்சு! 2022இல் டொலர் இன்றி நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஏச்சை யாருக்கு வழங்கினார்கள்?

பெண்கள் மிகுந்த தொழில் இது. வல்புரோயேற்று கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக் கூடியது. கருத்தரிக்கும் வயதினருக்கு இயன்றவரை வேறு மருந்தே தேர வேண்டும். அந்தத் தேர்வுக்குத் தேர்ந்த வைத்தியர் வேண்டும். தோட்ட மருந்தகங்களிலோ பெரும்பாலும் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். அவரை நாம் குறை கூறோம். அவர் தலையில் எல்லாவற்றையும் சுமத்தியவர்களையே கூறுகிறோம்.

நம்மவர்க்கும் ஒரு சொல். இரும்பை விட்டுவிடுங்கள். விழுந்தவரை அடுப்புக்கும் ஓடைக்கும் எட்ட நகர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் கடந்தும் வலிப்பு ஓயாவிடில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நாம் கேட்பது சலுகையன்று. நோய் கட்டுக்குள் இருப்பவர்க்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுங்கள். அதைத் தோட்ட மருந்தகத்திலேயே பெற வழி செய்யுங்கள். வைத்தியர் மலைக்கு வரட்டும். கிளினிக் சென்ற நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் சங்கத் தலைவர்கள், கூலித் தொகைக்குக் கீழே இந்தக் கடைசிக் கோரிக்கையையும் எழுதிக்கொண்டு போகட்டும்.